செவ்வாய்க்கிழமை பக்தி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று பெயர். எங்கள் பக்கம் என்றால் நாசரேத்துக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும் நடுவே உள்ள தேரிக்காட்டு ஊர்கள். மாதக் கடைசியில் சபையின் பெண்கள் சங்கத்தார் சாக்கோடு வந்து கலயத்தைக் கவிழ்த்து வாங்கிப்போவார்கள். விற்று வரும் காசு ஊழியத்துக்குச் சேரும். மழையும் பொய்த்துப் பனையும் கைவிட்ட வருஷங்களில் எங்கள் வீட்டில் ஒருவேளைக்கு மட்டும்தான் உலை வைத்தார்கள். அந்த நாட்களிலும் அம்மா பிடியரிசி போட்டாள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போட்டதாக எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் எங்களில் எவனையாவது திட்டிக்கொண்டேதான் போடுவாள்.

விசுவாசத்தில் வளர வேண்டும் என்பது எங்கள் பிரசங்க பீடங்களில் வாரம் தவறாமல் கேட்கிற புத்தி. சொல்கிறவர்களுக்கும் பழகிவிட்டது, கேட்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. எப்படி வளர்வது என்று நிறுத்திக் கேட்டால் மட்டும் பதில் கொஞ்சம் தடுமாறும். நான் பிரசங்கியார் இல்லை. கூட்டுறவுச் சங்கத்து ரேஷன் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன். எடை போட்டுப் பழகிய கண்ணுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிகிறது என்பதை எழுதச் சொன்னால் அம்மாவின் கலயத்தில்தான் தொடங்க முடிகிறது.

அந்தக் கலயம் சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் ஊரில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய வெள்ளாளன்விளையில், குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாக 1874-ல் பிறந்தவர் வி. எஸ். அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னணியில் நின்றவர். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், திருநெல்வேலிச் சபையாரே காணிக்கை போட்டு, தங்கள் பிள்ளைகளையே அனுப்பி, நைஜாம் சமஸ்தானத்துத் தோர்னக்கல் பகுதியில் ஊழியம் நடத்துவது என்று திட்டம். 1909-ல் அசரியாவே அங்கே குடிபோனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பணக்காரச் சபை ஒன்றும் இல்லை இது. பனையேறியும் கருப்புக்கட்டி காய்ச்சியும் பிழைத்த ஜனங்கள் சில்லறையாகவும் தானியமாகவும் கொடுத்துக் கட்டியது. மிசோரமிலும் இதே பழக்கம் உண்டு; அங்கே 1910-ல் தொடங்கியது, இன்றும் அந்த மாநிலச் சபைகளின் வருமானத்தில் பிடியரிசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நான் சொல்ல வருவது பணக் கணக்கை இல்லை. அம்மாவுக்கு அந்த ஒரு பிடியால் என்ன ஆனது என்பதை. வீட்டில் உள்ள அரிசி முழுக்க நம்முடையது கிடையாது என்ற எண்ணம், யாரும் பிரசங்கம் பண்ணாமலே, தினம் ஒருமுறை அவள் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. பிச்சை கேட்டு வந்தவரை அவள் வெறுங்கையோடு அனுப்பி நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவ பக்தி என்பதைக் கண்ணீரும் நெகிழ்ச்சியும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். நெகிழ்ச்சி வரும், போகும். கலயம் அங்கேயே இருக்கும்.

அடுத்தது குடும்ப ஜெபம். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ வீட்டார் எல்லாரும் பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, ஒருவர் ஜெபம் பண்ணி, பரமண்டல ஜெபத்தோடு முடிப்பது. முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களுக்கு 'ஸ்தோத்திரம்' சொல்வார்கள். மணப்பாட்டுக் கடற்கரையில் கத்தோலிக்க வீடுகளில் இதே நேரத்தில் ஜெபமாலை ஓடும். வடிவம் வேறு, நேரமும் பாயும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அப்பா வாசிப்பார், தூக்கம் சொக்கும் எங்கள் தொடையில் அம்மா கிள்ளுவாள். அதில் பரிசுத்தமான சூழல் என்று எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வேதாகமக் கதைகள் எல்லாம் என் காதுக்குள் போனது அந்தத் தூக்கக் கலக்கத்தில்தான். இன்னொன்றும் போனது. அப்பா ஜெபத்தில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வார்: சுகமில்லாத சித்தி, கடனில் மாட்டிய மாமா, பரீட்சை எழுதும் பக்கத்து வீட்டுப் பையன். வீட்டுக்கு வெளியே யாருக்கு என்ன கஷ்டம் என்பது அந்த ஜெபத்தின் மூலமாகத்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டார் இந்துக்கள். அந்தப் பையன் தேறியதும் அவன் அம்மா எங்கள் வீட்டுக்குப் பொரிகடலை கொண்டுவந்தார்.

வேதவாசிப்புக்கு எங்கள் பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் வாசிக்கும் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வார நாட்களில் தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. வருஷம் முடியும்போது புத்தகம் முடிந்துவிடும். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள் இருப்பதால் அவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் நீளும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் எல்லாரும் உற்சாகமாகப் புறப்படுவார்கள். யோசேப்பின் கதை வரை ஓட்டம்தான். யாத்திராகமத்தின் பின்பாதியில் கூடாரத்தின் அளவுகள் வரும்போது மூச்சு வாங்கும். லேவியராகமத்தில் பலி முறைமைகளும் குஷ்டரோகச் சட்டங்களும் வருவதற்குள் பிப்ரவரி வந்துவிடும். பாதிப் பேர் அங்கேயே படுத்துவிடுவார்கள். எங்கள் சபையில் பல வேதபுத்தகங்களை எடுத்துப் பார்த்தால் முதல் நூறு பக்கம் மட்டும் அழுக்கேறியிருக்கும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைக் கொடுப்பதில்லை. சங்கீதம் 150 இருக்கிறது, நாளுக்கு ஒன்று. 119-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் 176 வசனம், அதைப் பிரித்துக்கொள்ளலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். கடைக்காரர்களுக்கு நீதிமொழிகள் மிகவும் பொருந்தும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் மொழியில் வேதம் கைக்குக் கிடைத்தது சும்மா நடந்த காரியம் இல்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-ல் அங்கே அச்சானது. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். 36 வயதில் அவர் இறந்துபோனார். இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம் என்று எங்கள் பழைய உபதேசியார் ஒருவர் திட்டுவார். தலையணைக்கடியில் வேதபுத்தகம் வைத்தால் கெட்ட கனவு வராது என்று நம்புகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள்.

இனி கடைக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை விசுவாசம் வளர்ந்ததா தேய்ந்ததா என்பது தெரிந்த இடம் அதுதான்.

ரேஷன் கடையில் பொதுஜனங்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. அரிசி 50 கிலோ மூட்டையாக வரும். 50 கிலோ என்று சீட்டில் இருக்கும். வழியில் கொக்கி குத்திய ஓட்டையில் சிந்தியிருக்கும். ஈரமாக ஏற்றியது காய்ந்து எடை குறைந்திருக்கும். வேறு காரணங்களும் இருக்கும். மூட்டைக்கு ஒரு கிலோ, சிலசமயம் இரண்டு கிலோ குறையும். கணக்கிலோ முழு 50 கிலோவுக்கும் விற்பனையாளர்தான் பொறுப்பு. குறைவை யாராவது சுமக்க வேண்டும். யார்? கார்டுக்கு 20 கிலோ வாங்க வரும் கிழவியின் பையில் 300 கிராம் குறைத்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? இதைச் செய்கிற எல்லாருமே திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தன் சம்பளத்தில் இருந்து கட்டப் பயந்து செய்கிறவர்கள்தான் அதிகம். பயத்தில் தொடங்குவது பிறகு வரும்படியாக மாறிவிடும். அரிசி கிலோ 2 ரூபாய்க்கு விற்றபோதும் இது இருந்தது, 1 ரூபாய்க்கு விற்றபோதும் இருந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்த பிறகு, 'இனாமாகக் கொடுப்பதில் எடை என்ன வேண்டிக்கிடக்கிறது' என்ற நியாயமும் சேர்ந்துகொண்டது.

மண்ணெண்ணெய் அளப்பதில் வேறு வித்தை. அளவையை வேகமாக முக்கி எடுத்து நுரையோடு ஊற்றினால் லிட்டருக்கு இவ்வளவு என்று மிஞ்சும். நிதானமாக அளந்தால் வரிசை நீளும், பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். யோக்கியமாக அளப்பதற்கு ஏச்சு வாங்கியவன் நான்.

வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த விற்பனையாளர் ஒருவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். நான் முழு எடை போடுவதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து சொன்னார்:

"என்னவே, கோயிலுக்குப் போறது ஞாயித்துக்கெழமைதான? இன்னைக்குச் செவ்வாக்கெழமை. தராசத் தராசா வச்சிரும்."

நல்ல மனுஷர்தான். என் முதல் தீபாவளிக்கு முன்பணம் வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். அவர் சொன்னதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பதில் வேதத்திலேயே இருந்ததைக் கண்டுபிடிக்கச் சில வருஷங்கள் ஆயின. ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர். அவருடைய புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் சில தானிய வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், மூட்டையை எப்போது அவிழ்க்கலாம், மரக்காலை எப்படிச் சிறிதாக்கலாம், பதரைக் கோதுமையோடு எப்படித் தள்ளிவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். ஓய்வுநாளை அவர்கள் மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தியாக ஆசரித்துக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். கடவுளுக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். இரண்டாயிரத்து எழுநூறு வருஷங்களுக்கு முந்தைய புத்தகத்தில் ரேஷன் கடையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உபாகமம் 25-ஆம் அதிகாரம் பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருப்பதைத் தடுக்கிறது. நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் கள்ளத்தராசைத்தான் முதல் வார்த்தையாக எடுக்கிறது.

லூக்கா மூன்றாம் அதிகாரம் எனக்கு இன்னும் உதவியது. யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கிறவர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அது கெட்ட பெயர் எடுத்த தொழில். தொழிலை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்று மட்டும் சொன்னார். போர்ச்சேவகர்களிடமும், யாரையும் மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு என்றுதான் சொன்னார். மனந்திரும்புதல் என்ற பெரிய விஷயத்துக்கு அவர் கொடுத்த விளக்கம் இவ்வளவுதான்: செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்.

நான் செய்ததும் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. மூட்டைகளை இறக்கும்போதே, லாரிக்காரர் நிற்கும்போதே, எடை போட்டேன். குறைவை அனுப்புச் சீட்டில் எழுதச் சொன்னேன். சில நாள் எழுதினார்கள், பல நாள் எழுத மாட்டேன் என்றார்கள். எழுதாத நாட்களின் குறைவு என் சம்பளத்தில் போனது. இதைத் தியாகம் என்று நான் நினைத்துக்கொண்ட நாளில் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "ஊரார் அரிசிய ஊராருக்குக் குடுக்கதுக்கு ஒங்களுக்கு மால வேற போடணுமாக்கும்?" அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து வரிசையில் நின்ற ஒருவர், "அண்ணாச்சி கடையில தராசப் பாக்க வேண்டாம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. எங்கள் மதமும் இல்லை. என் காதுக்கு அது சபையில் கேட்கும் எந்தப் பாராட்டையும்விட இனித்தது.

வேலையையே ஆராதனையாக்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ். போர்ச்சேவகனாக இருந்து, காலில் காயப்பட்டு நொண்டியானவர். பாரிஸில் ஒரு கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாததால் அடுக்களையில் போட்டார்கள். அவருக்கு இயல்பிலேயே சமையல் வேலை பிடிக்காது. வருஷக்கணக்காக அதையே செய்தார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்கப் படகில் போகச் சொன்னால், நொண்டிக் காலோடு பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடியுமாம். பிற்காலத்தில் செருப்புத் தைத்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்கும்போதும் கடவுளோடு ஒரேமாதிரி பேசிக்கொண்டிருப்பதுதான் அவர் பழக்கம். 1691-ல் அவர் இறந்த பிறகு கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். கத்தோலிக்கத் துறவி ஒருவரின் புத்தகம் உலகம் முழுக்கச் சீர்திருத்தச் சபையார் வீடுகளில் இருப்பதே ஒரு வேடிக்கை. அவர் வழியைப் பின்பற்றி நான் கடைத் திறப்பில் ஒரு ஜெபம் வைத்துக்கொண்டேன். பூட்டைத் திறக்க ஆகும் நேரத்தில் முடிந்துவிடும். இன்று வருகிறவர்களிடம் எரிந்துவிழாமல் என்னைக் காத்துக்கொள்ளும் என்பதே அது. மாதத்தின் முதல் வாரக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன வேண்டுதல் இல்லை என்று புரியும். கைரேகை மிஷின் வந்த பிறகு இந்த ஜெபம் இன்னும் நீளமாயிற்று. பனையேறிய கையில் ரேகை தேய்ந்திருக்கும், மிஷின் ஏற்காது, நாலுமுறை ஐந்துமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.

கன்வென்ஷன் கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் கோடை வந்தால் பந்தலும் ஒலிபெருக்கியுமாகக் கூட்டங்கள் நடக்கும். போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. என் மனைவிக்கு வாலிப வயதில் ஒரு கூட்டத்தில்தான் வாழ்க்கை திரும்பியது. ஆனால் பந்தலில் அழுதவர்கள் எல்லாரையும் அடுத்த வாரம் என் கடை வரிசையில் பார்க்கிறவன் நான். கண்ணீரின் அளவுக்கும் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே போகாத பண்புக்கும் நான் கண்ட தொடர்பு குறைவு.

வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். இதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சபையாருக்கு சின்சென்டார்ஃப் பிரபு 1728-ல் நாளுக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது வருஷாவருஷம் புத்தகமாக வருகிறது. சீட்டுப் போட்டு எடுக்கிற வசனங்கள். அதில் ஆறுதலும் வரும், கண்டிப்பும் வரும், ஏன் வந்தது என்றே புரியாததும் வரும். எங்கள் தட்டில் இருக்கும் அட்டைகளோ ஆசீர்வாதம் மட்டும்தான். பெருகப்பண்ணுவேன், உயர்த்துவேன், தலையாக்குவேன். சத்துருவை நேசி என்ற அட்டையை இதுவரை யாரும் எடுத்ததாகக் கேள்விப்படவில்லை, அச்சடித்தால்தானே எடுக்க. ஆசீர்வாத அட்டையைப் பீரோவில் ஒட்டிவிட்டு வருஷம் முழுக்கக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டோடு காத்திருப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று எங்கள் சபைக் குருவானவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டார். அட்டை மாறவில்லை.

எங்கள் ஆராதனையில் உண்மையாகவே கடினமான ஒரு நிமிஷம் இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் அது வெளியிட்ட திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைத் தழுவி, சமாதானம் கொடுத்தல் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அப்பமும் ரசமும் பெறப் போகும் முன் குருவானவர் தொடங்கிவைக்க, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பற்றிச் சமாதானம் சொல்லி, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, வரிசை வரிசையாகக் கை மாறிக்கொண்டே போகும். காணிக்கையோடு வந்தவன் சகோதரனோடு மனஸ்தாபம் இருப்பதை நினைத்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டும் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதன் செயல்வடிவம். முகம் தெரியாத ஊரில் இதைச் செய்வது சுலபம். ஐம்பது வீட்டுக் கிராமத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டவராக இருப்பார்.

எங்கள் சபையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். நாலு பனை நிற்கும் வரப்புக்காகப் பேச்சுவார்த்தை அறுந்தவர்கள். ஒருவர் வலப்பக்கக் கடைசி வரிசை, மற்றவர் இடப்பக்கம் முதல் வரிசை என்று பல வருஷம் ஓடியது. ஒரு பெரிய வெள்ளி, மதியம் பன்னிரண்டில் இருந்து மூன்றுவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிக்கும் ஆராதனை. கூட்டத்தில் இடமில்லாமல் தம்பி நடுவில் வந்து உட்கார வேண்டியதாயிற்று, அண்ணனுக்கு நேர்ப் பின்னால். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணி நேரமும் தம்பி அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலையில் தம்பியே போய்க் கையை நீட்டினார். அண்ணன் கொஞ்சநேரம் யோசித்துத்தான் பிடித்தார். வரப்பு வழக்கு அதன்பிறகும் நடந்தது, சமாதானமாக நடந்தது. கோர்ட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

வளர்ச்சி என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது எங்கள் தெருவில் இருந்த ஒரு ஆச்சியைத்தான். விதவை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழும்ப மாட்டாள். மாதக் கடைசியில் என் கடைக்கு வந்து, அரிசி வாங்கிய பிறகு, மெல்லக் கேட்பாள்:

"எய்யா, இந்த மாசம் அரிசி வாங்க வராதது யாரு யாரு?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விலையில்லாத அரிசியை ஒருவர் வாங்க வரவில்லை என்றால் ஒன்று வெளியூர் போயிருக்க வேண்டும், இல்லை எழும்ப முடியாமல் கிடக்க வேண்டும். தெருவில் நடமாட்டம் குறைந்தவர்களைக் கண்டுபிடிக்க அவள் கண்ட வழி அது. ரெண்டு மூன்று பெயர் சொல்வேன். போய்ப் பார்ப்பாள். கஞ்சி வைத்துக்கொடுப்பாள். தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபிப்பாள். நோயாளி வேறு மதத்தார் என்றால், ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபிப்பாள், வேண்டாம் என்றால் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வாள். இந்தக் கடைசிப் பழக்கத்தைப் பல ஊழியக்காரர்கள் அவளிடம் கற்றுக்கொள்ளலாம்.

கடைசி வருஷங்களில் அவளாலும் நடக்க முடியவில்லை. அப்போது அவளுக்கு நான் டோனாவூர் அம்மையின் கதையைச் சொல்லியிருக்கிறேன். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், கோவில்களுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931-ல் ஒரு பள்ளத்தில் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் இறக்கும்வரை இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளைக் கவனித்தார். தன் கல்லறையில் கல் நட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்து 'அம்மை' என்று எழுதினார்கள். ஆச்சி கேட்டுவிட்டு, "அவ்வோ படிச்சவ்வோ, எழுதுனாவோ. நா என்ன செய்ய?" என்றாள். பிறகு அவளே, "பேரு மட்டும் வந்து சொல்லிட்டுப் போ" என்றாள். மாதாமாதம் போய் வராதவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் படுத்தபடி அவர்களுக்காக ஜெபித்தாள். கஞ்சி கொண்டுபோகும் வேலை என் மனைவிக்கு வந்துசேர்ந்தது.

இதைப் படிக்கும் சபையாருக்கு ஒன்று சொல்வேன். நாம் வளர்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோசனம் குறைவு, நாம் நமக்குச் சாதகமாகத்தான் எடை போடுவோம். வீட்டில் கூட இருப்பவரையும், நம்மிடம் வேலை பார்ப்பவரையும், நம் கடைக்கு வருகிறவரையும் கேளுங்கள். பதில் சுருக்கென்றிருக்கும், ஆனால் சரியாக இருக்கும்.

வேதத்தை இதுவரை திறந்தே பார்க்காதவர்கள், எந்த மதத்தவரானாலும், ஆதியாகமத்தில் தொடங்க வேண்டாம். மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள், நாலு சுவிசேஷங்களிலும் சின்னது, ஒரு சாயங்காலத்தில் வாசித்துவிடலாம். சத்தமாக வாசியுங்கள், வீட்டில் இருக்கிறவர்கள் காதிலும் விழட்டும்.